கனடாக் கியூவா, லண்டன் கியூவா?

நல்லூர்த் திருவிழா நெருங்கும்போது வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் பெட்டிகளில் சொக்லேட்டும் சப்பாத்தும் நோவெண்ணெயும் மட்டுமே இருந்த காலம் போய்விட்டது. இப்போது பூல், ஸ்நூக்கர் மேசைகளில் பந்தடிக்கும் தடியான கியூவும் வருகிறது. ரொறன்ரோ மாமா கொண்டுவந்தால் நடுவில் கழற்றி இரண்டாக்கிய, கைப்பிடியில் நூல் சுற்றிய, நுனி பருத்த கியூ. லண்டன் சித்தப்பா கொண்டுவந்தால் பித்தளைப் பூண் போட்ட, நுனி மெலிந்த கியூ. எங்கள் ஊரில் ஒருவர் பிடித்திருக்கும் கியூவைப் பார்த்தே அவருடைய மாமன் எண்பதுகளில் எந்த நாட்டுக்கு விமானம் ஏறினார் என்று சொல்லிவிடலாம். அவர் என்ன ஆட்டம் ஆடுகிறார் என்பதை மட்டும் சொல்ல முடியாது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆறு வருடங்கள் ஸ்நூக்கர் மேசையில் கனடாக் கியூவோடு மல்லுக்கட்டினேன். தூரத்துச் சிவப்புப் பந்து தவறும்போதெல்லாம் கண்ணைக் குறை சொன்னேன், கண்ணாடியைக்கூட மாற்றினேன். ஒரு மழைநாளில் மின்சாரம் போய்வந்த இடைவெளியில், பக்கத்து ஆட்டக்காரரின் மெல்லிய கியூவை இரவல் வாங்கி நாலு பந்து அடித்துப் பார்த்தேன். மூன்று விழுந்தன. கண்ணாடிக்குக் கொடுத்த பணத்தை நினைத்து அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இந்தப் பழைய கதையைக் கிளறிவிட்டவன் கொக்குவிலில் இருக்கும் என் அக்காவின் மகன். உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு ஆறு மாதமாகப் பந்தடித்துத் திரிகிறான். "மாமா, ஓகஸ்டில் கனடாப் பெரியப்பாவும் வருகிறார், லண்டன் மாமியும் வருகிறார். கியூ வாங்கி வரட்டுமா என்று இரண்டு பேரும் கேட்கிறார்கள். யாருக்கு ஓம் சொல்வது?" என்று தொலைபேசியில் கேட்டான். இரண்டு பேருக்கும் ஓம் சொல்லு என்றுதான் யாரும் சொல்வார்கள். அது தவறு. கியூ என்பது கைக்குப் பழக வேண்டிய சாமான். ஒரு நாள் ஒன்று, மறுநாள் இன்னொன்று என்று மாற்றிப் பிடிப்பவனின் கை எதற்கும் பழகாது. ஒன்றைத்தான் தெரிவுசெய்ய வேண்டும்.

பந்தின் வயிற்றை அளப்பது

கியூவைத் தெரிவதற்கு முன்னர் பந்தைத் தெரிய வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மேசை, பந்து, கியூ என்று எதைக் கண்டாலும் 'பிலியர்ட்ஸ்' என்றே சொல்வார்கள். அதற்கும் காரணம் உண்டு. 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பிலியர்ட்ஸ் போட்டியில் எம்.ஜே.எம். லாஃபிர் பட்டம் வென்றபோது, எந்த விளையாட்டிலும் இலங்கைக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அதுதான். அந்தச் சொல் அப்படியே தங்கிவிட்டது. ஆனால் அவர் ஆடியது மூன்றே பந்துகளோடு ஆடும் ஆட்டம். ஸ்நூக்கர் அதே மேசையில் இருபத்திரண்டு பந்துகளோடு ஆடுவது. 1875இல் ஜபல்பூரில் பிரித்தானியப் படை அதிகாரிகளிடையே பிறந்து, பிறகு ஊட்டியில் விதிமுறை எழுதப்பட்டு வளர்ந்த ஆட்டம். அந்த வகையில் ஸ்நூக்கருக்குத் தமிழ்நாட்டு மலைக்காற்றும் கொஞ்சம் பட்டிருக்கிறது. பூல் என்பதோ வேறு மேசை, வேறு பந்து; அதிலும் அமெரிக்கப் பூல் ஒன்று, ஆங்கிலப் பூல் இன்னொன்று.

நீங்கள் ஆடப்போகும் அறையில் இருக்கும் மேசை எந்த வகை என்று தெரியாவிட்டால் தையல்காரரின் அளவு நாடாவை எடுத்துப் பந்தின் வயிற்றைச் சுற்றி அளந்துவிடலாம். 18 சென்ரிமீற்றர் வந்தால் அது அமெரிக்கப் பூல் பந்து, விட்டம் 57.15 மில்லிமீற்றர். பதினாறரை வந்தால் ஸ்நூக்கர் அல்லது பிலியர்ட்ஸ், விட்டம் 52.5. கிட்டத்தட்டப் பதினாறு வந்தால் இரண்டு அங்குலப் பந்து, அதாவது ஆங்கிலப் பூல். கடைசி வகையில் வெள்ளைப் பந்து மற்றவற்றைவிடச் சற்றுச் சிறிதாகவும் இருக்கும். அதை அளந்துவிட்டுக் குழம்ப வேண்டாம். நாடா இல்லாதவர் பந்தின் நிறத்தைப் பார்க்கலாம். இலக்கமும் பட்டைக் கோடும் இருந்தால் பெரும்பாலும் அமெரிக்க வகை. இலக்கமில்லாத சிவப்பும் மஞ்சளும் நடுவில் ஒரு கறுப்பும் என்றால் ஆங்கில வகை. ஆனாலும் நாடாதான் நிச்சயம். அமெரிக்கக் கோலத்தில் இலக்கமிட்ட இரண்டு அங்குலப் பந்துகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு கணக்கு? கியூவின் நுனி பந்தில் படும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். அந்தக் கணத்தில் நுனியின் எந்தப் புள்ளி பந்தின் எந்தப் புள்ளியில் பட்டது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. அமெரிக்கப் பூல் கியூவின் நுனி பொதுவாக 12 முதல் 13 மில்லிமீற்றர். ஸ்நூக்கர் கியூவுக்கு 9 முதல் 10. ஆங்கிலப் பூலுக்கு எட்டு, எட்டரைகூட உண்டு. சின்னப் பந்துக்குப் பின்னால் பருத்த நுனியை வைத்துக் குனிந்தால் பந்தின் நடு எது என்றே கண்ணுக்குப் படாது. ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் விலகினதாகத் தெரியாது. பெரிய பந்துக்குப் பின்னால் மெல்லிய நுனியை வைத்தால் நடு துல்லியமாகத் தெரியும். ஆனால் ஓரத்தில் அடித்துச் சுழற்சி கொடுக்கப் போனால் மெல்லிய நுனி சிறு பிழையையும் மன்னிக்காது, வழுக்கிவிடும். பூல் பந்து ஒன்று 156 முதல் 170 கிராம் வரை இருக்கலாம் என்பது விதி. அந்தப் பாரத்தைத் தள்ள முன்தண்டிலும் கொஞ்சம் கனம் இருக்க வேண்டும்.

கனடாப் பெட்டியில் வருவது

அமெரிக்கப் பூல் கியூ ஏறத்தாழ 58 அங்குல நீளம். நடுவில் திருகாணி போட்டுச் சரிபாதியாகக் கழற்றலாம். முன்தண்டு மேப்பிள் மரம். நுனிக்குக் கீழே பிளாஸ்ரிக் அல்லது நார்ப்பொருளாலான வெள்ளைப் பூண். எடை 18 முதல் 21 அவுன்ஸ், எங்கள் கணக்கில் 510 முதல் 595 கிராம். முன்தண்டின் முதல் பத்துப் பன்னிரண்டு அங்குலம் ஒரே பருமனாகப் போய் அதற்குப் பிறகுதான் பருக்கும். அதனால் விரல் வளையத்துக்குள் கியூ முன்னும் பின்னும் போகும்போது இறுக்கமும் தளர்வும் மாறாது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்துப் பிடிப்பவர்களுக்கு இது சுகம்.

கைப்பிடி நூல் சுற்று எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. வியர்வைக்குத்தான். சித்திரை வெயிலில், மின்விசிறி கழுத்துக்கு மேல் வெந்நீர் ஊற்றுவதுபோலச் சுழலும் ஓர் அறையில் இரண்டு மணிநேரம் ஆடியவருக்கு அதன் அருமை தெரியும். தோல் சுற்றிய கைப்பிடியும் உண்டு. அழகாக இருக்கும், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். வார்னிஷ் மட்டும் பூசிய வெறும் கைப்பிடி எங்கள் வியர்வைக்கு வழுக்கும். நூல் அழுக்காகிக் கறுத்துவிடும் என்பது உண்மைதான். கறுத்தால் கறுக்கட்டும்.

எடை விஷயத்தில் கடைக்காரரும் வெளிநாட்டு உறவினரும் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பாரமான கியூ பலமாக அடிக்கும் என்பது பாதி உண்மை. பாரம் கூடினால் கையின் வேகம் குறையும். 19 அவுன்ஸ் கேளுங்கள். பிடிக்காவிட்டால் பல கியூக்களில் அடியிலுள்ள இரும்பு ஆணியைக் கழற்றி வேறு எடை ஆணி மாற்றலாம். இதற்குமேல் இதைப்பற்றி யோசிப்பது வீண்வேலை.

லண்டன் பெட்டியில் வருவது

ஸ்நூக்கர் கியூவின் அழகே தனி. முன்தண்டு பெரும்பாலும் ஆஷ் மரம். அதன் ரேகைகள் அம்பு முனைகளாக நுனியை நோக்கி ஓடும். குனிந்து பார்க்கும்போது அந்த அம்புகள் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும்படி பிடித்துக்கொண்டால் கியூவை ஒவ்வொரு முறையும் ஒரே கோலத்தில் பிடிக்கிறோம் என்று அர்த்தம். அடியில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருப்பதும் உதவும். கை தடவிப் பார்த்துத் திசை சொல்லிவிடும். மேப்பிளில் செய்த ஸ்நூக்கர் கியூவும் உண்டு. அதில் ரேகை கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, வழவழப்பு அதிகம். ரேகை கண்ணை உறுத்துகிறது என்பவர்களுக்கு அது பொருந்தும். எனக்கு ஆஷ்தான்.

பித்தளைப் பூண், எங்கள் வீட்டு உலக்கைக்குப் போட்ட பூணின் குட்டித் தங்கை. உலக்கைப் பூண் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது: மரம் பிளக்காமல் பிடித்து வைத்திருக்கிறது. முன்தண்டு நுனியிலிருந்து அடிவரை ஒரே சீராகப் பருத்துக்கொண்டே போகும். ஆகையால் விரலை வளைத்துப் பிடிப்பதைவிட, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் வைத்து ஆடுவதே இதற்குத் தோது.

கைப்பிடி வழக்கமாகக் கருங்காலி. அந்த மரம் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளர்வது என்பதால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையில்தான் என் நண்பர் ஒருவர் ஏமாந்தார். "கியூ எதற்கு வெளிநாட்டிலிருந்து? எங்கள் மரத்தில் செய்யலாம்" என்று சொல்லி, வன்னி முதிரையில் ஒரு துண்டைப் பிடித்துத் தெரிந்த தச்சரிடம் கொடுத்தார். தச்சர் கெட்டிக்காரர். சீவுளியால் மூன்று நாள் சீவி, கண்ணாடித் துண்டால் சுரண்டி, தேய்த்து, நூல் பிடித்ததுபோல நேரான ஒரு கியூவைக் கையில் தந்தார். தேன் நிறத்தில் மின்னியது. மேசைக்குப் போய் நடுப்பந்தில் அடித்தால் நேராகப் போயிற்று. கொஞ்சம் வலப்பக்கம் தட்டிச் சுழற்சி கொடுத்தாரோ இல்லையோ, வெள்ளைப் பந்து இடப்பக்கமாகத் திமிறிக்கொண்டு ஓடியது. நண்பர் தச்சரைத் திட்டினார். பிழை தச்சரிடம் இல்லை. நடுவை விட்டு விலகி அடிக்கும்போது பந்து எதிர்ப்பக்கம் விலகுவது எல்லாக் கியூவிலும் உண்டு. எவ்வளவு விலகும் என்பதைத் தீர்மானிப்பது நுனியை அண்டிய சில அங்குலங்களின் கனம். முதிரை கல்லுப் போன்ற மரம். நுனியில் கனம் ஏறிவிட்டது. ஆஷும் மேப்பிளும் அப்படியில்லை, பாரத்தை மிஞ்சிய விறைப்பு அவற்றில் உண்டு. பாரமான மரம் பின்கைக்குத்தான் உதவும். கருங்காலி கைப்பிடியில் இருப்பது அழகுக்காக மட்டுமில்லை, எடை பின்னால் நிற்பதற்காகவும்தான். நண்பரின் முதிரைக் கியூ இப்போது அவர் வீட்டில் யன்னல் திரை தொங்கும் தடியாக இருக்கிறது. அந்த வேலைக்கு அதைவிட நேரான தடி யாழ்ப்பாணத்தில் கிடையாது.

பெட்டிக்குள் அடங்குமா?

லண்டன் மாமியிடம் சொல்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். கடைகளின் கியூப் படங்களில் யாரும் இதை எழுதுவதில்லை, ஆனால் எங்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. பூல் கியூ சரிபாதியாகக் கழலும். ஒவ்வொரு பாதியும் 29 அங்குலம், 74 சென்ரிமீற்றர். பெரிய சூட்கேஸில் மூலைக்கு மூலை சரித்து வைத்தால் உடுப்புகளுக்கு நடுவே படுத்துக்கொள்ளும். நல்ல ஸ்நூக்கர் கியூ பலவும் முக்கால் பங்கில் கழல்பவை. முன்பக்கம் நீண்டு, பின்பக்கம் குட்டையாக இருக்கும். மரம் நீளமாக ஓடினால் அடியின் அதிர்வு கைக்கு ஒழுங்காக வரும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதன் பெட்டி ஒரு மீற்றரைத் தாண்டும். எந்த சூட்கேஸிலும் அடங்காது. தனிப் பொதியாகத்தான் போட வேண்டும். கைப்பொதியாகக் கியூவை விமானத்துக்குள் எடுத்துச் செல்லப் பெரும்பாலும் விடமாட்டார்கள். அறுபது வயது மாமி, முழங்கால் நோவோடு, இரண்டு விமானம் மாறி, மீற்றர் நீளப் பெட்டியைக் கட்டுநாயக்காவில் தேடிக்கொண்டு நிற்க வேண்டுமா என்று மருமகன் யோசிக்கட்டும். சரிபாதியாகக் கழலும் ஸ்நூக்கர் கியூவும் விற்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அடித்துப் பார்த்தால் பத்தில் எட்டுப் பேருக்கு வித்தியாசம் தெரியாது என்பது என் எண்ணம். எனக்குத் தெரியாது என்பது மட்டும் உறுதி.

ஒரே துண்டுக் கியூவே சிறந்தது என்று வாதாடும் பழைய ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கியூவை அறையிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போகிறவர்கள். மோட்டார் சைக்கிளில் போய்வருபவருக்கு அந்த வாதம் உதவாது.

மரமா, காபனா?

இப்போது எல்லாரும் கேட்பது மரத்துக்குப் பதிலாகக் காபன் நாரால் செய்த முன்தண்டு. உள்ளே வெறுமையாகவோ இலேசான நிரப்புப்பொருளோடோ செய்யப்படுவதால் நுனியில் கனம் மிகக் குறைவு. மேலே சொன்ன முதிரைக் கதைக்கு நேர்மாறு: சுழற்சி கொடுத்து அடித்தாலும் வெள்ளைப் பந்து குறி வைத்த திசையை அதிகம் விட்டு விலகாது. ஈரம் குடிக்காது, வளையாது, ஒரு துணியால் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும்.

வளையாது என்பதை எங்கள் காலநிலையில் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சோளகம் வீசும் மாதங்களில் மரம் காய்ந்து முறுகும். ஐப்பசி பிறந்து மழை தொடங்கினால் கதவே பொங்கிச் சாத்த மறுக்கிறது. கியூ மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்? மரக் கியூவைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மார்கழி முழுவதும் எட்டிப் பார்க்காமல் இருந்தால், தையில் எடுத்துப் பார்க்கும்போது வில்லாகியிருக்கும். தகரக் கூரை அறையும் வெயிலில் நிற்கும் வாகனமும் அதற்கு எமன்.

அப்படியானால் காபனே வாங்கலாமே? எனக்கு இரண்டு தயக்கங்கள். ஒன்று, விலை. நல்ல மரக் கியூ ஒன்று முழுதாக வாங்கும் காசுக்கு நல்ல காபனின் முன்தண்டுகூட வராது. மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்பட வேண்டும். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 'காபன்' என்று எழுதியிருந்ததை நம்பி நான் வாங்கிய ஒன்று மூன்றாம் மாதம் தோல் உரிந்தது. உள்ளே இருந்தது மரம், மேலே கறுப்புத் தாள். இரண்டாவது தயக்கம் பெரியது. காபனுக்குக் கை பழகியவன், ஆடும் அறையில் பொதுவாக வைத்திருக்கும் அறைக் கியூவைப் பிடித்தால் குறி தவறும். அறைக் கியூவுக்குப் பழகியவன் காபனைப் பிடித்தாலும் அப்படியே. தினமும் சொந்தக் கியூவைக் கொண்டுபோய் ஆடுபவருக்குத்தான் அது பொருந்தும். கிழமைக்கு ஒருமுறை, அதுவும் நண்பன் கியூவை இரவல் வாங்கி ஆடுபவருக்கு மரமே போதும்.

மரக் கியூவைக் கையில் வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுண்டு. மேசையில் உருட்டிப் பார்ப்பார்கள். பூட்டிய கியூவை உருட்டினால் பொருத்தில் உள்ள சிறு கோணல்கூட நுனியைத் துள்ளவைக்கும். முன்தண்டு வளைந்திருக்கிறதா, பொருத்துப் பிழையா என்று தெரியாது. கழற்றி, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாக உருட்டிவிட்டுப் பிறகு பூட்டி உருட்ட வேண்டும். கடைசியாகக் கைப்பிடிப் பக்கம் கண் வைத்து, துப்பாக்கிக் குழலைப் பார்ப்பதுபோல நுனிவரை பார்த்தபடி மெல்லச் சுழற்ற வேண்டும்.

ஆஷ் கியூவுக்கு இடைக்கிடை எண்ணெய் தேவை. ஆளிவிதை எண்ணெய் மட்டும். அது காற்றுப் பட்டு உலர்ந்து மரத்தோடு ஒட்டிவிடும். தேங்காயெண்ணெய் உலராது. தலைக்கு வைப்பதைக் கியூவுக்கும் வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய கியூ இரண்டு மாதம் விரலில் பிசுபிசுத்தது; மேசைத் துணியில் பட்ட இடமெல்லாம் கறை. அறைக்காரர் அவரைக் காணும்போதெல்லாம் துணியைத் தடவிக் காட்டுவார்.

சில்லறைச் சாமான்கள்

கியூவில் பணத்தைக் கொட்டிவிட்டு நுனித்தோலில் கஞ்சத்தனம் செய்வதுதான் எங்கள் ஊரில் நான் காணும் பெரிய பிழை. பந்தைத் தொடுவது அந்தத் தோல் ஒன்றுதான். பிரான்சில் மேங்கோ என்ற படை அதிகாரி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுனிக்குத் தோல் வைத்த பிறகுதான் பந்துக்கு நினைத்தபடி சுழற்சி கொடுக்க முடிந்தது. ஸ்நூக்கருக்கு மென்மையான தோல் பொருந்தும்; பந்தில் சற்று ஒட்டி நின்று விலகுவது போன்ற உணர்வைத் தரும். ஆனால் சீக்கிரம் பரந்து காளானாகிவிடும். பூலுக்கு நடுத்தரம். கடுந்தோல், பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடியான பிரேக் அடிக்கும் கியூவுக்கு. பல அடுக்காகத் தோலை ஒட்டிச் செய்த நுனிகள் விலை கூடியவை, வடிவம் கெடாமல் நீண்டகாலம் நிற்கும். ஒட்டுவதற்கு முன் பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, பூணின் முகத்தை மட்டமாக்க வேண்டும். ஒட்டிய பின் மணல்தாளால் நாணய விளிம்பின் வளைவுக்குத் தேய்க்க வேண்டும். முதல்முறை நான் தேய்த்தபோது தோலோடு பூணையும் தேய்த்துவிட்டேன். பூணைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டிவிட்டுத் தேயுங்கள்.

சோக் என்ற பெயர்தான் சுண்ணாம்பு, பொருள் வேறு. 1897இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றதிலிருந்து கியூச் சோக்கில் இருப்பது மணல் இனத்துச் சிலிக்கா போன்ற உராய்வுப் பொருள்கள். பள்ளிக்கூடச் சோக்கைத் தேய்த்து ஆடுபவரை இன்னும் காண்கிறேன். அது வெள்ளைப் பொடியை மட்டும் தரும், பிடிப்பைத் தராது. குடைவதுபோலத் துளைக்காமல், வண்ணம் பூசுவதுபோல நுனியில் தடவ வேண்டும். நல்ல சோக் ஒரு கட்டி, சாதாரண ஆட்டக்காரருக்கு ஒரு வருடம் வரும்.

கரம் போர்ட் விளையாடி வந்த கைகளுக்குப் பவுடர் பழக்கம். வியர்த்தவுடன் விரல்களில் பவுடரை அள்ளிப் பூசிக்கொண்டு பூல் மேசைக்கு வருவார்கள். துணியில் அது படிந்தால் பந்தின் ஓட்டமே கெட்டுவிடும். இரண்டு மூன்று விரல்களுக்கு மட்டும் வரும் கையுறை விலை குறைவு. எங்கள் புழுக்கத்துக்கு கியூவுக்கு அடுத்ததாக வாங்க வேண்டியது அதுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எந்தக் கோணத்தில் தட்டினால் காய் எங்கே போகும் என்பது கரம் ஆடியவர்களுக்குக் கண்ணிலேயே இருக்கிறது. அவர்களுக்குப் பத்து நாளில் பிடிபடுவது மற்றவர்களுக்குப் பத்து மாதம் எடுக்கும்.

மேசையே வாங்கிப் போட நினைப்பவர்களுக்கு இரண்டே வார்த்தை. மேசையின் அடிப்பலகை கற்பலகையாக இருக்க வேண்டும். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை இரண்டு மாரிக்குள் பள்ளம் விழுந்து எல்லாப் பந்தும் ஒரு மூலைக்கே போகும். முழு ஸ்நூக்கர் மேசை 12 அடி நீளம், ஒரு தொன்னுக்கும் மேல் பாரம். கியூவை வீசி அடிக்க இடம் விட்டால் 22க்கு 16 அடி அறை வேண்டும். புதிதாகக் கட்டிய மாடி வீட்டில் ஏற்றுவதற்கு முன் பொறியியலாளரைக் கேளுங்கள்.

சொந்தக் கியூ வேண்டியதில்லை என்பவர்கள்

அறைக் கியூவை ஏளனம் செய்ய மாட்டேன். மாதத்துக்கு ஒருமுறை போகிறவருக்கு அதுவே சரி. நாலைந்தைச் சரித்துப் பார்த்து, நேரானதைத் தெரிந்து, யாரும் காணாத இடத்தில் ஒரு சின்ன அடையாளம் வைத்துவிட்டால் அடுத்த முறையும் அதையே எடுக்கலாம். நான் அப்படி அடையாளம் வைத்த கியூவில் இன்னும் மூவரின் அடையாளங்கள் இருந்தன.

சொந்தக் கியூ உள்ளவருக்கும் அறைக் கியூ ஒரு விஷயத்தில் உதவும். ஸ்நூக்கர் கியூவோடு அமெரிக்கப் பூல் ஆடலாம், சமாளிக்கலாம். ஆனால் பதினைந்து பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடியை மட்டும் அந்த மெல்லிய நுனியால் அடிக்காதீர்கள். பூண் தளரும், மரம் கீறும். அந்த அடியை அறைக் கியூவால் அடித்துவிட்டுப் பிறகு உங்களுடையதை எடுங்கள். மறுபுறத்தில் பருத்த பூல் கியூவோடு ஸ்நூக்கர் ஆடுவது நான் ஆறு வருடம் செய்த தவம், வரம் கிடைக்கவில்லை. ஆகவே இரண்டு மேசையிலும் மாறி மாறி ஆடுபவர் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், பத்து மில்லிமீற்றர் நுனியுள்ள ஸ்நூக்கர் கியூவை வாங்கட்டும்.

மருமகனுக்கும் இதையே சொல்லி, "லண்டன் மாமிக்கு ஓம் சொல்லு" என்று முடித்துவிட்டேன். என் மனதில் இருந்தது நான் ஆடும் மேல்மாடி அறையும் அதன் பச்சைத் துணி விரித்த பெரிய மேசையும். அவனும் அங்கேதான் ஆடுவான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். தொலைபேசியை வைக்கும் முன், எதற்கும் ஒருமுறை பந்தை அளந்துவிடு என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் படம் ஒன்று அனுப்பியிருந்தான். நீலத் துணி. அதன்மேல் கோடு போட்ட பதினோராம் இலக்கப் பந்து. அதன் வயிற்றைச் சுற்றி அக்காவின் தையல் நாடா, மஞ்சள் நிறத்தில். நாடாவின் நுனி தொட்ட இடத்தில் அவனுடைய நகம் 18ஐக் காட்டியது. கீழே எழுதியிருந்தான்: "பெரியப்பாவிடம் 19 அவுன்ஸ், நூல் சுற்றியது என்று சொல்லிவிட்டேன். மாமியிடம் சோக்கும் நுனித்தோலும் கேட்டிருக்கிறேன். உங்களுக்கும் சேர்த்து."